முதல் மழையை வெளியே விடு

1

இந்த முறை கல்லறைத் திருநாளுக்கு அம்மா, அப்பாவின் கல்லறையைக் கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

வருடா வருடம் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதுதான் அவள் வழக்கம். பைக்கில் கொண்டுவந்து தருகிறேன் என்று தம்பி பிரகாஷ் சொன்னாலும் விடமாட்டாள். கழுவி, துடைத்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் நிமிர்வாள். இந்த முறையும் பிரகாஷ் செல்போனைக் கல்லறைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெர்மனியில் விடிந்திருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். டிராமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நீல மூடி போட்ட பிளாஸ்டிக் கேனைச் சாய்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாம்மா இது, கேன் தண்ணி?"

அம்மா நிமிரவில்லை. தம்பிதான் சொன்னான். "கெணத்துத் தண்ணி ஊத்துனா காஞ்சதும் வெள்ளையா பூத்துப் போவுதுக்கா. போன வாரம் ஊத்திப் பாத்துச்சு. கல்லு முழுக்க உப்பு."

"உப்பா? நம்ம கெணறா?"

"கோடையிலேர்ந்தே அப்டித்தான் கீது. ஒங்கிட்ட சொல்ல வாணாம்னு அம்மாதான் சொல்லிக்கினு இருந்துச்சு."

டிராமில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்திவிட்டேன் போலிருக்கிறது. இங்கே டிராமில் யாரும் கத்துவதில்லை; சாவுச் செய்தியைக்கூட மெதுவாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டபோது ஊரில் கிணறு உப்பாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? டிராம் தாமதம் என்றேன். அது மட்டும் இங்கே எல்லோருக்கும் உடனே புரிகிறது.

2

திருவிடந்தையில் எங்கள் வீட்டிலிருந்து கேட்டால் கடல் சத்தம் வரும். தாத்தா காலம்வரை எங்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு. அப்பா அதை விட்டுவிட்டுச் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். படூரிலும் சிறுசேரியிலும் இன்று நிற்கிற உயரமான கட்டடங்களில் எத்தனையோ தளங்களுக்குப் பலகை அடித்தவர் அவர். வீட்டுமனைப் பட்டா அவர் காலத்தில்தான் கைக்கு வந்தது.

மனை வந்ததும் அவர் வீடு கட்டவில்லை. கிணறு தோண்டினார். நாங்கள் ஓலைக் கொட்டகையில் இருந்தபோதே பக்கத்தில் சிமெண்டு உறை இறக்கிய கிணறு இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அதுவரை ஊர்க் கிணற்றடியில் அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நாலு எட்டுத் தள்ளி நிற்க வேண்டும்; யாராவது மனது வைத்து இறைத்து ஊற்றிவிட்டுப் போன பிறகுதான் குடத்தைத் தொட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் முழுக்க அப்படி நின்றிருக்கிறாள். தன் கிணற்றில் தன் கையால் முதல் வாளி இறைத்த அன்று அதை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாளாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் "அட, சும்மா இருய்யா" என்று உள்ளே போய்விடுவாள்.

கடலோரத்தில் கிணறு வெட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்: மணலில் இறங்கிய மழைதான் அங்கே நல்ல தண்ணீர். அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். அதன்மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, மழைத் தண்ணீர் நிற்கும். மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் காலத்துக்கும் கிடைக்கும். ஆழமாகக் குத்தினால் ஆடை கிழிந்துவிடும். அதனால்தான் எங்கள் பக்கம் ஆழமில்லாத உறைக்கிணறு.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, பலர் சுவரோரம் ஒரு குழாயை இறக்கி மண்ணில் செருகி, பார்க்க வந்தவருக்குக் காட்டிவிட்டு மறந்துபோனார்கள். அப்பா நிஜமாகவே செய்தார். பிறகு கட்டிய வீட்டின் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விழும். டிரம்மில் கூழாங்கல், கரி, மணல். அதில் வடிந்து கிணற்றுக்குப் போகும்.

ஐப்பசியின் முதல் மழை எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. மாடியைப் பெருக்கித் தயாராக வைத்திருப்போம். மழை பிடித்ததும் அப்பா குழாயின் வளைவைக் கழற்றி வெளிப்பக்கம் திருப்பி வைப்பார். முதல் மழையில் காக்கை எச்சமும் தூசியும் வரும். அது தெருவுக்குப் போக வேண்டும். "போதும்பா, திருப்புப்பா" என்று நாங்கள் குதிப்போம். இவ்வளவு மழையும் வீணாகப் போகிறதே என்று பிரகாஷ் ஒருமுறை விசும்பி விசும்பி அழுதான். அப்பா அவசரப்பட மாட்டார். உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்ப்பார். "இப்ப உடலாம்" என்று வளைவை உள்ளே திருப்பியதும் கிணற்றில் விழும் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் கை தட்டுவோம்.

3

கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் இங்கே ஜெர்மனியில் எங்கள் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இங்கே ஒரு பழைய வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறோம். எங்கள் கூரையில் பெய்யும் மழை ஊர்ச் சாக்கடையில் சேர்வதால் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது கடிதம். அந்தக் கட்டணத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரே வார்த்தை: நீடர்ஷ்லாக்ஸ்வாஸர்கெபூர். சமைத்துக்கொண்டே சொல்லிப் பழகினேன். என் மகள் லீனா சாப்பாட்டு மேசையிலிருந்து திருத்தினாள். "அம்மா, ப்ளீஸ், போன்ல நான் பேசறேன்" என்றாள். அவள் வயதில் நான் என் அம்மாவுக்காக வெட்கப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது மொழிக்காக இல்லை.

பிரகாஷிடம் சொன்னேன். "வானத்துலேர்ந்து வுழுற மழைக்கு பில்லா? அங்க இருக்கறவன்லாம் தெளிவாத்தான் கீறான்க்கா" என்று சிரித்தான். கல்லறையில் பார்த்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

கட்டணம் வேண்டாமென்றால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தோட்டத்து மண்ணில் இறக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?"

யோசிக்காமல் சொன்னேன்: "கிணற்றுக்கு."

"உங்கள் வீட்டில் கிணறு இருக்கிறதா? பதிவு செய்திருக்கிறீர்களா?"

இல்லை இல்லை என்று பதறினேன். பதறப் பதற என் ஜெர்மன் குழைந்தது. ஒளிக்கிறேன் என்றே அவள் நினைத்திருப்பாள். அடுத்த வாரம் மழைக் கோட்டுப் போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நிலவறையில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கிணறு எங்கே?" என்றார்.

"இந்தியாவில்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டு, "அப்படியென்றால் எங்கள் எல்லைக்குள் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஊரிலும் யாராவது இப்படி டார்ச் அடித்துக்கொண்டு தேடி வந்திருந்தால் எங்கள் கிணறு பிழைத்திருக்கும் என்று தோன்றியது.

4

நடந்தது இதுதான். பிரகாஷே மெல்ல மெல்லச் சொன்னான்.

அப்பா போய்ச் சில வருடங்கள் கழித்து ஒரு கோடையில் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. எங்களைச் சுற்றி இப்போது பங்களாக்கள், புல்தரை போட்ட விடுதிகள். எல்லாவற்றிலும் ஆழ்குழாய் இறக்கிய போர். எங்கள் தெரு முனையிலேயே டேங்கர் லாரிகள் நிரப்பிக்கொண்டு போகின்றன. பிரகாஷ் சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வண்டி ஓட்டுபவன். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் மனைவி அனிதா தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் குடத்தோடு நடந்தாள். அம்மாவும் சேர்ந்து நடந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவன் போர் போடும் ரிக் வண்டிக்காரனைக் கூப்பிட்டான்.

"போர் போடக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க்கா. ஆனா அது எடுக்குறதுக்கு இல்ல. குடுக்குறதுக்கு. ரீசார்ஜ் போர்னு சொன்னான். மழைய ஆழமா உள்ள வுட்டா பூமியே நமக்குன்னு சேத்து வெச்சிக்கும்னான். அப்பா பண்ணத இன்னும் பெருசா பண்றோம்னு நெனச்சேன்."

எடுப்பதற்குத்தானே தடை, கொடுப்பதற்கு என்ன தடை? அங்கே கிணற்றோடு வளர்ந்த ஒருவனால் மட்டுமே இப்படி நினைத்துத் தவறு செய்ய முடியும். அந்த வருட மழையை முழுக்க டிரம்மிலிருந்து போருக்குத் திருப்பினான். மாடியைப் பெருக்கினான், வளைவைக் கழற்றினான், முதல் மழையை வெளியே விட்டான். எல்லாம் அப்பா சொன்னபடி. கிணற்றுக்குத்தான் அந்த வருடம் ஒரு சொட்டும் போகவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி தண்ணீர் இறங்கியது. போரில் மோட்டாரை இறக்கினான். "நம்ம வூட்டு மழதானேக்கா. நாம குடுத்தத நாம எடுத்தா இன்னா தப்புன்னு தோணுச்சு." ஆரம்பத்தில் நல்ல தண்ணீர்தான் வந்தது. சமையலறையிலேயே குழாய். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து பாத்திரம் கழுவினாள். அப்புறம் ஒருநாள் டீ திரிந்தது. பருப்பு வேகவில்லை. பாலில்தான் கோளாறு, பருப்பில்தான் கோளாறு என்று கடைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறாள் அனிதா. அம்மா போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்துப் பார்த்தாள். துப்பவில்லையாம். விழுங்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

போர்தான் காரணமா, பக்கத்து விடுதிகளின் உறிஞ்சலா, யாரால் சொல்ல முடியும்? நான் பிரகாஷிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"வாணாங்க்கா. நீ ஒண்ணியும் சொல்லாத. அம்மா ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட தேவலை. ஒரு வார்த்த கேக்கலக்கா. சோறு போடுது, சாப்புடுன்னுது. அவ்ளோதான்."

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரகாஷ் படூரில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தான். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "கெணறு இல்லாத வூட்ல நான் இருக்க மாட்டேன்." கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். மோட்டாரை எடுத்துவிட்டு, போரைக் களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைப்பது. கூரைத் தண்ணீரை மறுபடி கிணற்றில் விடுவது. ஒரு மழைக்காலம் முழுக்க இறைக்காமல் காத்திருப்பது. தண்ணீர் திரும்பினால் அம்மா அந்த வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் படூர்.

5

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் நான் இங்கே வாழவில்லை. என் செல்போனில் இரண்டு ஊர்களின் வானிலை இருக்கிறது. நான் இருக்கும் ஊரின் வானிலையைப் பார்க்காமல் குடையின்றி நனைந்தேன். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் மணிக்கொருமுறை செல்போனைத் திறந்து பார்ப்பேன். ஊரே புயல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, வரவேண்டும் என்று ஜெபம் செய்தவள் நான். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒருநாள் லீனா பள்ளியில் சுற்றுச்சூழலைக் காக்கும் வாழ்க்கை முறை பற்றி ஏதோ பாடம் என்று வந்தாள். நாங்கள் அப்போதுதான் தோட்டத்தில் வைத்திருந்த மழைத் தொட்டியைப் படம் எடுத்து வகுப்பில் காட்டினாளாம். எல்லோரும் பாராட்டினார்களாம். பிறகு கேட்டாள், பாதித் தமிழில்: "ஏம்மா, இந்தியால ஏன் யாருமே மழைத்தண்ணி சேக்கறது இல்ல? அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்ல?"

'அவங்களுக்கு' என்றாள். என் அப்பா அவளுக்கு 'அவங்க'. கோபத்தில் கையிலிருந்த தட்டை டப்பென்று வைத்தேன். உன் தாத்தா டிரம்மில் கரியும் மணலும் போட்டபோது, இந்தத் தெருவில் எல்லோருடைய மழையும் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மனில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் போய்ச் சேரும். "சாப்பிடு" என்றேன். அவள் சாப்பிட்டாள்.

மழை நன்றாகவே பெய்தது. பிரகாஷ் ஒவ்வொரு முறையும் கிணற்றுக்குள் போனை நீட்டிக் காட்டுவான். உறைகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா ஒரு டம்ளர் மட்டும் எடுத்துச் சுவைப்பாள். வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் செல்போனில் பார்ப்பேன்.

"கரிக்குது."

"கொஞ்சம் கம்மியா கீது."

"நாக்குல ஒட்டல."

கிறிஸ்துமஸ் அன்று கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டார்கள். திரியவில்லை. பிரகாஷ் டம்ளரைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டி ஆட்டிக் காட்டினான். "பாருக்கா, பாருக்கா!" அம்மா அவன் தலையில் கை வைத்து, "குடிடா நைனா, ஆறிடப் போவுது" என்றாள். அத்தனை மாதங்களில் அவள் அவனைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். வெறும் கூரைதான் தெரிந்தது. அழும் சத்தம் கேட்டது. நான் இங்கே முதியோர் இல்லத்தில், துணிகள் அடுக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்பதை எழுதி வைக்கிறேன். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

6

தை முடிவதற்குள் உப்பு திரும்பிவிட்டது. ஒரு வாளிகூட இறைக்காமலே.

மழை மேலே நின்ற வரைக்கும் நின்றது. சுற்றிலும் எல்லாப் போர்களும் ஓடிக்கொண்டிருந்தன. தெரு முனையில் லாரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எங்கள் கிணற்றில் நாங்கள் சேர்த்த மழை எங்களிடம் மட்டும் தங்கும் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மண்ணுக்கடியில் ஏது வேலி? இதை எழுதும்போதும் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

மாசியில் படூருக்குப் போனார்கள். புறப்படும் நாளில் அம்மா ஒரு காரியம் செய்தாள். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது பின்பக்கம் போய், முழங்கால் வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி, குழாயின் வளைவைக் கழற்றி வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"இன்னாம்மா பண்ற? வர்ற மழ கெணத்துக்குப் போவட்டுமே" என்றான் பிரகாஷ்.

"மாடி பெருக்க ஆளில்லாத வூட்ல கெணத்துக்கு எதுக்குடா மழ? அழுக்கெல்லாம் போய்ச் சேரும். வெளிய போவட்டும்."

பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை என்று பிரகாஷ் சொன்னான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

இப்போது நாலாவது மாடி. அப்பா பலகை அடித்த கட்டடமாகக்கூட இருக்கலாம், அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரியில் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்பதையும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. குழாயைத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டுத்தான் பிடிக்கிறாளாம். தண்ணீர் வீணாகிறது என்று அனிதா சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

7

இங்கே எங்கள் நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. எங்கள் கூரை மழை இனி முறைப்படி எங்களுடையது. தொட்டிக் குழாயின் மேல் 'குடிநீர் அல்ல' என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அழகான எழுத்தில் லீனாவே எழுதி ஒட்டினாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினேன். அவள் சத்தத்தைத்தான் கேட்டாள். "கிட்டப் புடி" என்றாள். தண்ணீர் விழும் இடத்தில் போனைப் பிடித்தேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத மழய வெளிய வுட்டியா?"

"வுட்டேன்மா."

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"வாயில வெச்சுப் பாரு."

ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பின்னாலிருந்து லீனா, "அம்மா! அதுல எழுதி இருக்கு, படிக்கத் தெரியாதா?" என்று கத்தினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. அப்பா வளைவை உள்ளே திருப்பிய நாட்களில் நாங்கள் குடித்த முதல் டம்ளர் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

"எப்டி கீது?" என்றாள் அம்மா.

"இனிக்குதும்மா."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். படூரில் நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், மெதுவாக.

"ரொம்பக் குடிக்காதடி. பழகிடும்."